சத்தம் போன கார்

"என் காருக்கு இப்ப எஞ்சினே கிடையாதுங்க" என்றார் எனக்கு முன் சீட்டுக்காரர். ஸ்ரீரங்கம் போகும் பஸ் காவிரிப் பாலத்தில் ஒரு லாரிக்குப் பின்னால் நின்றிருந்தது.

அவர் பக்கத்தில் இருந்த நண்பர் நம்பவில்லை. "எது, அந்தப் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரா?"

"அதேதான். பெட்ரோல் விக்கிற விலைக்கு அதை ஓட்ட முடியுதா? எஞ்சினை இறக்கிட்டு மோட்டாரும் பேட்டரியும் வெச்சுட்டேன்."

"ஓடுதா?"

"ஜம்முனு ஓடுது. துளி சத்தம் இல்லை. அதுதான் வினையாப் போச்சு."

"ஐயையோ, யாரையாவது இடிச்சிட்டீங்களா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். குரல் இறங்கிவிட்டது.

"முன்னெல்லாம் நான் தெருமுனை திரும்பினாலே வீட்ல கேட்டுடும். அன்னிக்கு வாசல்ல வந்து நின்னது யாருக்கும் தெரியல. உள்ளே ஒரே சிரிப்பு. ஜன்னல் வழியாப் பார்த்தா, எம் பொண்ணு என்னை மாதிரியே தொண்டையைச் செருமி அதட்டிக் காட்டுறா. எஞ் சம்சாரம் கண்ணுல தண்ணி வர சிரிக்கிறா. அவ அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லைங்க."

"அப்புறம்?"

"நான் செருப்பைக் கழட்டுற சத்தம் உள்ளே கேட்டுச்சு. அவ்வளவுதான். பொண்ணு பாடப் புஸ்தகத்தை விரிச்சுட்டா. இவ காபி போடப் போயிட்டா."

பஸ் நகர்ந்தது. நண்பர் கேட்டார்.

"இப்ப என்ன பண்றீங்க?"

"தெருமுனையிலேயே ஹார்ன் அடிச்சிடறேங்க. பாவம், சிரிச்சிட்டிருக்கும்போது எங்கிட்ட மாட்டிக்கக் கூடாதில்ல."