பின்வாசல் வழியே வந்த பேராசிரியருக்கு

நடையின் நுட்பம் நவின்ற நல்லாசானே! எலும்பை நெம்புகோலாகவும் மூட்டை அச்சாகவும் காட்டி, எடையின் மையம் பாதங்களின் எல்லைக்குள் இருக்கும்வரையே மனிதன் நிற்கிறான் என்று முப்பத்தோராண்டு முழங்கிய எங்கள் துறைத்தலைவரே! உங்கள் பணிநிறைவு நாளில் வணக்கம். கதவைச் சாத்திவிட்டுத்தான் இதை வாசிக்கிறோம். உள்ளே இருப்பது துறையினர் மட்டுமே.

ஆய்வகத்துக்குள் யார் வந்தாலும் வாசலில் பதித்த விசைத்தட்டை மிதித்தே வர வேண்டும் என்பது நீங்கள் வகுத்த வழக்கம். பாதம் தரையை அழுத்தும் விதம் திரையில் கோடாக ஓடும். அதைப் பார்த்தே புதுச் செருப்பையும் பழைய சுளுக்கையும் பொய்யான மருத்துவ விடுப்பையும் பிடித்துவிடும் புலனாய்வுப் புலியே! நீங்களே நான்கு மாதமாகத் தட்டில்லாத பின்வாசல் வழியே வந்தால் எங்களுக்குச் சந்தேகம் வராதா?

வந்தது. கருவிகள் வெளியே போகின்றனவோ என்று பண்டகக் காப்பாளர் அலமாரியை இருமுறை சரிபார்த்தார். அதற்காக இப்போது தலைகுனிந்து நிற்கிறார். தன்மேல் கோபமோ என்று இளைய விரிவுரையாளர் இரண்டு வாரம் உங்கள் அறைப் பக்கமே வரவில்லை.

பிறகு சமநிலைப் பாடம் வந்தது. ஆண்டுதோறும் கண்ணை மூடி, கையில் தேநீர்க் கோப்பையோடு ஒற்றைக்காலில் நின்று காட்டுவீர்கள். இம்முறை ஒரு மாணவியை நிற்கச் சொன்னீர்கள்.

"ஏன் சார், நீங்க நிக்கலையா?"

"வயசாச்சும்மா."

வயதைக் காரணம் சொல்பவன் அளக்கச் சோம்பல்படுகிறான் என்று எங்களைக் கடிந்த வாய் அது! அன்று மாலையே உங்கள் வீட்டுக்குத் தொலைபேசினோம்.

உங்கள் துணைவியார் மறைக்கவில்லை. "செவுத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்கிறார். கால் மரத்துப் போகுதாம். டாக்டர்கிட்ட போலாம்னா, ரிட்டயர் ஆகட்டுங்கிறார். நான் சொன்னதா காட்டிக்காதீங்க."

காட்டிக்கொண்டுவிட்டோம், அவர் பொறுத்தருள்க. விழப்போவதும் மீள்வதும் ஓயாமல் நடப்பதற்கே நிற்பது என்று பெயர் எனச் சொல்லித் தந்தீர்கள். மீள்வது குறைந்துவருகிறது ஐயா. அதைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்ததும் நீங்களே. உங்களிடம் பயின்ற நரம்பியல் மருத்துவர் வெளியே காரில் காத்திருக்கிறார்.

நூறு வயதிலும் யார் தோளும் தேடாமல் நடந்து வந்து, எங்கள் நடையில் குறை கண்டுகொண்டே நீடு வாழ்வீராக!

இம்மடலைச் சட்டமிட்டிருக்கிறோம். வாங்க இரு கை வேண்டும். எழுந்த கணம் முதல் உங்கள் இடக்கை நாற்காலியை விடவில்லை, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். விட வேண்டாம். நாங்கள் அருகில் வரும்வரை அப்படியே நில்லுங்கள்.

இப்படிக்கு,
உடல் இயக்கவியல் துறையினர்