கோட்டுத் தொப்பியை மெதுவாகத் தைத்த உம்மு சல்மா ராத்தாவுக்கு

மூன்றாம் லைனின் மூத்தவரே, இருபத்திரண்டு ஆண்டுகள் லைனின் முதல் மெஷினில் அமர்ந்தவரே, பர்மியத் தோழிகளுக்கு மமாவாகவும் எங்களுக்கு ராத்தாவாகவும், இரு மொழியிலும் அக்காவாக இருந்தவரே, உங்களுக்கு எங்கள் ஸலாமும் வணக்கமும்.

போன சனிக்கிழமை மிங்கலாடோன் தையல் தொழிற்சாலையில் ஓய்வு பெறும் உங்களுக்குக் கம்பெனி ஒரு சான்றிதழ் கொடுத்தது. அதில் வேகத்தையும் பணிவையும் பாராட்டியிருந்தார்கள். அது அவர்கள் பாராட்டு. இது எங்களுடையது. பபேடானில் நம் லைன் தெரேசாவின் மாடி வீட்டில், பிரியாணிச் சட்டியை நடுவில் வைத்துக்கொண்டு வாசிக்கிறோம். தமிழில் எழுதியதற்கு இரண்டு காரணங்கள். உங்களுக்குத் தமிழ் பிடிக்கும். மானேஜருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆகவே சட்டம் போட்டுத் தைரியமாகச் சுவரில் மாட்டலாம். பர்மியத் தோழி மா தண்டாவுக்கு மட்டும் தமிழரசி பக்கத்தில் உட்கார்ந்து பர்மிய மொழியில் சொல்லிக்கொண்டு வருவார்.

கைத்திறன் மிக்கவரே, ஆள் எடுக்கும்போது கம்பெனி ஒன்று சொல்லும்: பெண்களுக்கு விரல் நுட்பம் பிறவியிலேயே உண்டு. பிறவியில் வந்ததற்குத் தனிக் கூலி தர வேண்டியதில்லை. ஆனால் உங்கள் விரலுக்கு அது பிறவியில் வரவில்லை. பத்து வயதில், தாய்மாமாவின் கடைச் சட்டைகளுக்கு வீட்டிலிருந்தே பொத்தான் துளை தைத்துக் கற்றது. அதை யாரும் பயிற்சி என்று சொல்லவில்லை, பெண்பிள்ளை சும்மா இராமல் செய்கிற வேலை என்றார்கள். அப்படிக் கற்ற தொழிலோடுதான் நீங்கள் தொழிற்சாலை வாசலில் வந்து நின்றீர்கள்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் நடந்ததையும் எழுத வேண்டும். விட்டுவிடலாம் என்றோம். நீங்கள்தான் எழுதச் சொன்னீர்கள். ஒரு புதிய சட்டை வந்தது. காலர் தைக்க எவ்வளவு நேரமாகும் என்று பார்க்க ஸ்டாப்வாட்சோடு வந்தார்கள். லைனில் எழுபது விநாடிக்குக் குறைந்து யாரும் தைத்ததில்லை. நீங்கள் ஐம்பத்திரண்டில் முடித்தீர்கள். கை தட்டினார்கள், ஒரு குடை கொடுத்தார்கள். மறுநாள் ஐம்பத்திரண்டு விநாடி எல்லாருக்கும் இலக்காகிவிட்டது. அந்த இலக்கை எட்ட, கழிப்பறைக்குப் போகாமல் இருக்க வேண்டும். போகாமல் இருக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்க வேண்டும். மூன்றாவது வாரம் தெரேசா உங்களிடம் சொன்னதை, ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதும்படி அவரே கேட்டுக்கொண்டார்.

"ஒங்களுக்குக் குடை ராத்தா, எங்களுக்கு மூத்திரக் கடுப்பு."

நீங்கள் மன்னிப்புக் கேட்கவில்லை. "நல்லாத் தைக்கிறேன்னு நினைச்சேன் புள்ள. வாட்ச் யாரு கையில இருந்துச்சுன்னு பாக்கல" என்றீர்கள். அன்றிலிருந்து பார்த்தீர்கள். லைனுக்குப் புதிதாக வரும் ஒவ்வொருத்தியிடமும் சொன்னீர்கள்: தைக்கும் கை நம்முடையது, தைத்துக் காட்டிய எண் அவர்களுடையது. குளிர் தேசத்துக் கடையில் அந்தச் சட்டைக்கு என்ன விலை என்பது நம்மைக் கேட்காமல் முடிவாகிறது. துணி விலையும் கப்பல் கூலியும் குறையாது. குறைக்க எஞ்சியிருப்பவை நம்முடைய விநாடிகள்தான். நாங்கள் புத்தகத்தில் படித்திருந்தால்கூட இவ்வளவு சுருக்கமாகப் புரிந்திருக்காது.

இப்போது தொப்பிக்கு வருவோம். ஆறு வாரங்களுக்கு முன் குளிர்க்கோட்டு ஆர்டர் வந்தது. கோட்டோடு தொப்பியைச் சேர்க்கும் தையல் புதிது. அதற்கு நேரம் குறிக்க உங்களைத்தான் கேட்டார்கள். ஓய்வுக்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் பயிற்சியாளர் வேலை தருகிறோம், குறைந்த நேரத்தில் தைத்துக் காட்டுங்கள் என்றார்கள். அந்த வேலை உங்களுக்கு எவ்வளவு தேவை என்று எங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டில் காலை நாலு மணிக்குக் கரண்ட் வந்தால் நாலு மணிக்கு எழுந்து மோட்டார் போட்டு, சோறு வைத்து, ஆறு பேர் துணியை ஊற வைத்துவிட்டுத்தான் ஃபெரி என்கிற கம்பெனி பஸ்ஸுக்கு ஓடி வருவீர்கள். "ஃபெரியில ஏறினாத்தான்டி நான் உக்கார்றேன்" என்பீர்கள். அந்த வீட்டு வேலையை யாரோ ஒரு பெண் முடிக்காமல் எந்தத் தொழிற்சாலைக்கும் காலையில் ஆள் வந்து சேராது. அதற்கு யாரும் ஸ்டாப்வாட்ச் பிடித்ததில்லை. உங்கள் கணவர் ஜமால் மாமா ஐம்பத்தைந்தில் கடையை விட்டு ஓய்வெடுத்தார். அந்த ஓய்வுக்கும் மூன்று வேளை நீங்கள்தான் சமைத்தீர்கள். மாமா இங்கேதான் இருக்கிறார். கேட்கட்டும். கம்பெனியிலிருந்து நின்றால் உங்களுக்குக் கிடைப்பது ஓய்வு அல்ல, முழுநாள் சம்பளமில்லா வேலை. பயிற்சியாளர் வேலையில் முதுகு சாய்கிற நாற்காலி உண்டு.

இதெல்லாம் தெரிந்துதான் நீங்கள் மெஷினில் உட்கார்ந்தீர்கள். வாட்ச் பிடித்தவர் லைன் சூப்பர்வைசர் தனசேகரன். தொப்பியை எடுத்தீர்கள், மடித்தீர்கள், பிரித்தீர்கள், மறுபடி மடித்தீர்கள். நூலை ஒருமுறை பார்த்தீர்கள். லைன் முழுக்கக் குனிந்த தலையோடு கேட்டுக்கொண்டிருந்தது.

"என்ன ராத்தா, கை வலியா?" என்றார் தனசேகரன். "ஒங்க கைக்கு இது அம்பதுகூட ஆவாதே."

"வயசாச்சு தம்பி. வந்தத எழுதிக்க."

"பயிற்சி வேலைய வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க."

"குடுக்கட்டும். அவளுக்கும் முதுகு இருக்குல்ல."

தனசேகரன் கொஞ்ச நேரம் வாட்சைப் பார்த்தார். பிறகு எழுபத்து நான்கு விநாடி என்று எழுதினார், அதுவே எல்லாருக்கும் இலக்கானது. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், ஆகவே இந்த மடலில் அவரிடம் ஒளிக்க ஒன்றுமில்லை. அவரும் இங்கே இரண்டாவது தட்டுப் பிரியாணியோடு உட்கார்ந்திருக்கிறார்.

அந்த வாரமே பயிற்சி வேலை வேறொருவருக்குப் போனது. தியாகம் என்று எழுதினால் கிழித்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறீர்கள், எழுதவில்லை. இழப்பு என்று எழுதுகிறோம். அந்த நாற்காலி உங்களுக்கு வேண்டியிருந்தது, கிடைக்கவில்லை.

ஆண்டவன் உங்களுக்கு நெடிய ஆயுளைக் கொடுக்கட்டும். ஆனால் நீளம் மட்டும் போதாது. அந்த நாட்களில் உங்களுக்கென்று கொஞ்சம் மிஞ்ச வேண்டும். முழங்கால் வலி குறைய வேண்டும். வீட்டில் இன்னும் இரண்டு பேராவது துணி துவைக்கக் கற்க வேண்டும். உங்கள் மகனிடம் தெரேசா இதை நேரிலும் சொல்லிவிட்டார்.

எழுபத்து நான்கு என்ற அந்த எண்ணை என்றைக்கும் குறைய விடமாட்டோம் என்று வாக்குக் கொடுக்கத்தான் ஆசை. கொடுக்க மாட்டோம். எங்களில் யாராவது ஒருத்தி ஒருநாள் கைதட்டலுக்கு மயங்கலாம், அல்லது ஒரு நாற்காலிக்கு. நடந்ததை மட்டும் சொல்கிறோம். இந்த ஐந்து வாரத்தில் மூன்று முறை வாட்சோடு வந்தார்கள். முதலில் மா தண்டா தைத்தார். அடுத்து ஸமீரா, அவள் லைனுக்கு வந்து நாலு மாதம்தான். மூன்றாவது முறை தெரேசா. மூன்று முறையும் எழுபத்து நான்குக்குக் கீழே போகவில்லை. இப்போது மதியச் சாப்பாட்டுக்கு முன் எல்லாரும் தண்ணீர் குடிக்கிறோம்.

இப்படிக்கு,
மூன்றாம் லைன் பகல் ஷிப்டும்,
அதே மெஷின்களில் அமரும் இரவு ஷிப்டும்.
யாங்கோன்.