மரகதவேணியின் கடைசிப் பாட்டு

"பொய் சொன்னா சாமி கண்ணக் குத்தும்னு சொன்னியே மாமா, அப்ப நடிக்கிறவங்களுக்கு மட்டும் கண்ணு எப்டி நல்லாக் கீது?"

என் அக்கா மகள் அனு இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. தொலைக்காட்சித் தொடரில் ஒரு மாமியார் வரிசையாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அப்போது திரைப்பட வரலாறும் கோட்பாடும் எடுத்து முதுகலை இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மாதா கோவிலில் சிறு பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்திக்கொண்டும் இருந்தேன். ஆகவே அந்தக் கேள்விக்கு இரண்டு வகையிலும் பதில் சொல்லக் கடமைப்பட்டவன். நடிப்பது பொய் இல்லை, நடிக்கிறவருக்கும் தெரியும், பார்க்கிற நமக்கும் தெரியும், ஒருத்தருக்கு மட்டும் தெரிந்தால்தான் அது பொய் என்றேன். அவள் ஒப்புக்கொண்டு தூங்கப் போனாள். நல்ல பதில்தான். இப்போது என் மாணவர்களுக்கும் அதையேதான் சொல்கிறேன்.

அதைச் சொல்லிப் பத்து நாட்களுக்குள், மூன்று பேர் உட்கார்ந்திருந்த ஒரு மேசைக்கு முன்னால், பொய்யென்று எனக்கு மட்டும் தெரிந்த ஒன்றைச் சொன்னேன். அதை எழுதிவைக்க இத்தனை காலம் கூச்சமாக இருந்தது.

என் பெயர் மிக்கேல். பட்டினப்பாக்கத்துக் கடற்கரையில் பிறந்தவன். அம்மா மீன் கூடை சுமந்து படிக்கவைத்தார். எங்கள் வகுப்பில் பதினான்கு பேர். பெரும்பாலானவர்கள் படம் எடுக்கும் ஆசையில் வந்தவர்கள். பழைய படங்களைப் பற்றி எழுதவேண்டும் என்றே வந்தவர்கள் இரண்டு பேர்தான், நானும் தமிழ்நிலாவும். அவள் அடையாற்றங்கரைக் குடிசைப் பகுதியிலிருந்து வந்தாள். அவளுடைய அம்மா காந்தி நகரில் நாலு வீடுகளில் பாத்திரம் தேய்த்தார். நிலா மதியம் பெரும்பாலும் வெறும் கையோடுதான் வருவாள். அம்மாவிடம் சொல்லி வறுத்த நெத்திலி கொஞ்சம் கூடுதலாகக் கொண்டுபோவேன். "இன்னா சாமியாரே, இன்னிக்கி யாருக்குப் புண்ணியம் பண்ணப் போற?" என்று கேட்டுவிட்டு என் டிபன் பாக்ஸைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். இப்படிச் சின்னச் சின்ன உதவிகளில்தான் ஆண்டவர் குடியிருக்கிறார் என்று நம்புகிறவன் நான். இன்றும் நம்புகிறேன்.

நிலா ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட படம் 'மரகதவேணி'. 1938இல் வந்தது. ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. அந்தக் காலத்துப் படச்சுருள்களில் பலவற்றை வெள்ளிக்காக உருக்கிவிட்டார்கள். இப்படி அழிந்த படங்களைப் பற்றி எழுதுகிறவர்களுக்குப் பாட்டுப் புத்தகம்தான் கதி. கொட்டகையில் இடைவேளையின்போது காலணாவுக்கு விற்பார்கள். முன்பக்கம் கதைச் சுருக்கம் இருக்கும். ஆனால் கதையை முழுக்கச் சொல்லிவிட்டால் யார் படம் பார்க்க வருவார்கள்? நெருக்கடியான கட்டத்தில் நிறுத்திவிட்டு, மற்றவை வெள்ளித்திரையில் என்று போட்டுவிடுவார்கள். அதன்பின் பாட்டுகள் முழுதாக இருக்கும். முடிவைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் கடைசிப் பாட்டை யார் பாடுகிறார், எங்கே நின்று பாடுகிறார் என்று பார்க்கவேண்டும். மரகதவேணிக்கு அந்தப் புத்தகமும் யாரிடமும் இல்லை. கணவனால் துரத்தப்பட்டவள் கடைசியில் அவனோடு சேர்ந்திருப்பாள் என்று எல்லாரும் ஊகித்து எழுதிவைத்திருந்தார்கள்.

நிலா அப்படி நம்பவில்லை. படம் பார்த்த யாராவது உயிரோடு இருக்கமாட்டார்களா என்று ஐந்து மாதம் அலைந்தாள். கடைசியில் மீர்சாகிப்பேட்டையில் ஜைதூன் பீ என்ற அம்மையாரைக் கண்டுபிடித்தாள். வயது எண்பத்துமூன்று. அவருடைய தகப்பனார் டெண்ட் கொட்டகையில் டிக்கெட் கிழிக்கிறவர். பத்து வயதில், பெண்கள் பக்கத்து மணலில் உட்கார்ந்து, மறுபடி திரையிடப்பட்ட அந்தப் படத்தை ஒன்பது தடவை பார்த்தவர். பேட்டிக்கு ஒலிப்பதிவு செய்ய நான் கூடப் போனேன். அதுவும் ஓர் உதவிதான்.

மாடியில் தகரக் கூரை போட்ட அறை. ஒலிப்பதிவு செய்கிறவன் முதலில் செய்வது மின்விசிறியை நிறுத்துவது. அதன் இரைச்சல் பேச்சைத் தின்றுவிடும். ஒன்றரை மணி நேரம் அந்த அம்மையார் புழுக்கத்தில் உட்கார்ந்து பேசினார். மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றது. எனக்கு மனம் கேட்கவில்லை. ரெக்கார்டரை நிறுத்திவிட்டு எழுந்துபோய் விசிறியைப் போட்டேன். "இந்த நைனாவுக்குத்தான் இரக்கம் கீது" என்று சிரித்தார். நிலா நோட்டை மூடிவைத்துவிட்டு, பேட்டி போலவே இல்லாமல், மரகதவேணி கடைசியில் புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போனாளா என்று கேட்டாள்.

"எங்க போனா? ஓடத்தத் தள்ளிக்கினு கடலுக்குள்ள போய்ட்டா. தன்னந்தனியா. நாங்க பொம்பளைங்க அத்தினி பேரும் எந்திரிச்சு நின்னுட்டோம். என் அத்தா வந்து அதட்டிக் குந்தவச்சாரு."

சொல்லிக்கொண்டே பாடத் தொடங்கினார். 'கரைதனை நம்பிக் கெட்டேன் – இனியென் கரமே துடுப்பாய்க் கொண்டேன்' என்று வருகிற பாட்டு. நான் ஓடிப்போய் விசிறியை நிறுத்தி ரெக்கார்டரை அழுத்துவதற்குள் முதல் வரி போய்விட்டது. பதிவு இரண்டாவது வரியில்தான் தொடங்குகிறது. நிலா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. படியிறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான்கு வாரம் கழித்து ஜைதூன் பீ இறந்துபோனார். துக்கம் விசாரிக்கவும் நான்தான் நிலாவைக் கூட்டிப்போனேன்.

எங்கள் துறையில் அந்த ஆண்டு ஒரே ஓர் ஆராய்ச்சி இடம்தான். பேராசிரியர் புகழேந்தியிடம், உதவித்தொகையோடு. அது கிடைத்தால் ஐந்து ஆண்டு கவலை இல்லை. கிடைக்காதவர் வேறு வேலை தேடிக்கொள்ளவேண்டியதுதான். எங்கள் இருவரில் ஒருவருக்கு என்பது எல்லாருக்கும் தெரியும்.

வாய்மொழித் தேர்வுக்கு நான்கு நாள் முன்பு, லஸ் பக்கம் நடைபாதையில் பழைய புத்தகம் விற்கிறவரிடம் குவியலைக் கிளறிக்கொண்டிருந்தேன். கிழிந்த பஞ்சாங்கம் ஒன்றுக்குள் பன்னிரண்டு பக்கப் பாட்டுப் புத்தகம் ஒன்று செருகியிருந்தது. மரகதவேணி. பதினேழாவது பாட்டு, கடைசிப் பாட்டு. 'ஓடத்தில் மரகதவேணி தனித்துப் பாடுவது' என்று போட்டு, கீழே அதே இரண்டு வரிகள், எழுத்து மாறாமல்.

பேரம் பேசாமல் கேட்ட காசைக் கொடுத்து வாங்கினேன். எனக்கு மகிழ்ச்சிதான், அதை நீங்கள் நம்பவேண்டும். அங்கேயே நின்று நிலாவுக்குப் போன் செய்தேன். அவள் எடுக்கவில்லை. சரி, தேர்வன்று காலையில் கையில் கொடுத்து அவள் முகத்தைப் பார்ப்போம் என்று பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் புகழேந்தி என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். எனக்கு ஆறுதல் சொல்லத்தான் கூப்பிட்டார். "ஜைதூன் பீ பேட்டிய வச்சு எழுதின அத்தியாயம் நின்னுட்டா இடம் நிலாவுக்குத்தான் மிக்கேல். நிக்கலேன்னா உனக்கு. எதுவானாலும் மனசு தளராதே." வெளியிலிருந்து வரும் தேர்வாளருக்கு அந்த அத்தியாயத்தில் சந்தேகம் இருப்பதையும் சொன்னார். முதியவர்களின் நினைவில் நாம் எதைப் போடுகிறோமோ அதைத்தான் அவர்கள் திருப்பி எடுத்துக் கொடுப்பார்கள் என்பது அவர் கட்சியாம்.

தேர்வன்று காலை புத்தகத்தைக் கொடுக்கவில்லை. அவள் பதற்றத்தில் இருந்தாள், முடிந்தபின் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

பதினொரு மணிக்கு, ஒலிப்பதிவு செய்தவன் என்று என்னை உள்ளே அழைத்தார்கள். நிலாவை வெளியே அனுப்பியிருந்தார்கள். பதிவு ஏன் பாட்டின் நடுவில் தொடங்குகிறது, அதற்கு முன்னால் அறையில் என்ன நடந்தது என்று வெளித்தேர்வாளர் கேட்டார். விசிறி என்று ஒரு சொல் சொன்னால் போதும். புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தால் அதுகூட வேண்டாம். பை என் மடியிலேயே இருந்தது.

"சார், நிலா மேல தப்பா நினைக்காதீங்க" என்றேன். "அந்தம்மா ஞாபகம் வராமத் திணறினாங்க. பாவம், வயசானவங்க. நிலாதான் ரெண்டு வரிய எடுத்துக் கொடுத்தா. உதவின்னு நினைச்சுத்தான் செஞ்சா."

என் குரல் தழுதழுத்தது. புகழேந்தி எழுந்துவந்து என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

சான்றைப் புனைந்ததாக அவள் ஆய்வேடு தள்ளுபடியானது. ஓராண்டு கழித்து வேறு தலைப்பில் எழுதலாம் என்று சொன்னார்கள். ஆனால் அந்தக் குறிப்பு அவள் கோப்பில் இருக்கும். அவள் அந்த அம்மையாரையே போய்க் கேளுங்கள் என்றாளாம். அப்போது அடக்கம் செய்து பதினொரு நாள் ஆகியிருந்தது. நான் சொன்னதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. சாட்சியைக் காப்பது மரபு. நிலா அதற்குப்பின் துறைக்கு வரவில்லை.

இடம் எனக்குக் கிடைத்தது. பட்டம் கிடைத்தது. இப்போது அதே துறையில் உதவிப் பேராசிரியர். வரலாற்றில் சான்று என்ற தாளை நான்தான் நடத்துகிறேன். பாட்டுப் புத்தகம் என் ஜெபப் புத்தகத்தின் உறைக்குள் இருந்தது. அதை வைத்து ஒரு வரிகூட நான் எழுதியதில்லை. திருடன் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள அது உதவியது. அவள் ஆற்றங்கரையில் இருந்தவரை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வீட்டுக்குக் கேக் கொடுத்தனுப்பினேன். நான் நேரில் போனதில்லை.

இரண்டு ஆண்டுக்கு முன் ஆற்றங்கரை வீடுகளை இடித்தார்கள். குடும்பங்களை லாரியில் ஏற்றிப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆவணமாக்க என் மாணவர்களை அழைத்துப் போயிருந்தேன். நிலாவின் தெருவை இயந்திரம் தரைமட்டமாக்கியபோது கேமராவுக்குப் பின்னால் நின்றேன். எங்கே நிற்பது என்று தெரிந்துகொள்ளத்தானே படித்தேன்.

போன டிசம்பரில் தி.நகரில் ஒரு ஜவுளிக் கடை. அனுவுக்குக் கிறிஸ்துமஸ் துணி எடுக்கப் போயிருந்தேன். சுடிதார் பிரிவில் சீருடைப் புடவையோடு நிலா நின்றிருந்தாள். அங்கே உட்கார நாற்காலி கிடையாது. எடை கூடியிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னா சாமியாரே, வாத்தியாராயிட்டியாமே."

அம்மாவை விசாரித்தாள். பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாளாம். வீடு எட்டாவது மாடி. லிப்ட் இருக்கிறது, ஓடுவதுதான் இல்லை என்று சிரித்தாள். பிறகு துணிகளை மடித்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள்.

"அன்னிக்கி உள்ள எனக்காகப் பேசினது நீ ஒருத்தன்தான்னு புகழேந்தி சார் சொன்னாரு. நான் மறக்கல மச்சி."

நான் ஒரு சுடிதாரை எடுத்து விலைச் சீட்டைப் பார்த்தேன்.

"ஒண்ணு மட்டும் சொல்லு. நீயும்தான கூட இருந்த. அந்தம்மா தானாத்தான பாடிச்சி? ஏழு வருசமா நினைச்சு நினைச்சுப் பாத்து, இப்பல்லாம் எனக்கே சந்தேகமாக் கீது. நான்தான் எடுத்துக் குடுத்தேனோ இன்னாவோ."

அவள் கையிலிருந்து இடத்தை மட்டும்தான் எடுத்தேன் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சொல் போதும். சுற்றிலும் கூட்டம், போதாததற்கு அனுவும் பக்கத்தில் நின்றாள்.

"பழசையெல்லாம் எதுக்கு நினைச்சுக்கினு, விடு நிலா" என்றேன். எவ்வளவு மென்மையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மென்மையாக.

"அதுவும் சரிதான்" என்றாள். மேற்பார்வையாளர் கூப்பிட்டார், போய்விட்டாள்.

தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பொய் சொன்னேன் என்றேன். என்ன பொய், யாரைப் பற்றி என்று சாமியார் கேட்கவில்லை. பிறருக்குச் சேரவேண்டியது உன்னிடம் இருந்தால் சேர்த்துவிடு என்று மட்டும் சொன்னார். அது மனதைத் தைத்தது. மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை.

கடைக்குப் போய்க் கையில் கொடுத்திருக்கலாம். ஆனால் நாலு பேர் பார்ப்பார்கள். நல்லதைப் பிறர் காணச் செய்யாதீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் நான். பாட்டுப் புத்தகத்தைப் பட்டுத்தாளில் சுற்றி, நனையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பழுப்புக் கவரில் வைத்து ஒட்டினேன். கடிதம் எதுவும் வைக்கவில்லை. அனுப்புநர் பெயரும் எழுதவில்லை. நிலாவின் முழுப்பெயர், வீட்டு எண், ஆற்றங்கரைத் தெருப் பெயர், எல்லாவற்றையும் திருத்தமாக எழுதினேன். கல்லூரிக் காலத்திலிருந்தே அந்த முகவரி எனக்கு மனப்பாடம். மயிலாப்பூரில் ஒரு தபால் பெட்டியில், மதிய வெயிலில் தெருவே காலியாக இருந்த நேரத்தில் போட்டேன். கனம் இறங்கியது போலிருந்தது. இப்போது அவளுக்கு நான் பட்ட கடன் எதுவும் இல்லை.

அந்தத் தெருவில் இப்போது வீடு ஒன்றும் இல்லை என்பது தெரியும். அனுப்புவதுதான் என் கடமை. போய்ச் சேர்ப்பது ஆண்டவருடைய பொறுப்பு.