நின்ன எடத்துல நின்னு ஆடாத

அந்த பெஞ்சு வேணாம் தம்பி, அது ஆடும். இந்தப் பக்கம் வந்து உக்காரு. பைய மேல தூக்கி வையி, இந்தப் பூனை எல்லாத்தயும் மோந்து பாக்கும். என்ன, உள்ள கருவாடு இல்லியா? தெரியும், தெரியும். பிரம்புதான? நீட்டமா துணியில சுத்தி வச்சிருக்கியே. திருவிழா அன்னிக்குக் காலப் படகுல எறங்கி, இத வச்சிக்கிட்டு வழி கேட்டுக்கிட்டு வர்ற ஆளு வேற யாரா இருக்கும்? செபுத் தீவுலேருந்து வர்ற ரெனாந்தே நீதான?

ம். நெனச்சேன். போன்ல பாத்தத விட ஒல்லியாத்தான் இருக்க.

நான் எபிஃபானியோ வீட்டுக்காரி. சாயங்காலம் கோயில் முன்னால யாரு கூட பிரம்புச் சண்ட ஆடப்போறியோ, அவரோட பொண்டாட்டி. அட, எதுக்கு எந்திரிக்கிற? உக்காரு. அக்கான்னு கூப்புடு, போதும். இல்ல, அவரு அனுப்பல. நான் உங்கிட்ட பேசுறதே அவருக்குத் தெரியாது, பன்னிக்கு உப்புத் தடவிக்கிட்டு இருக்காரு வீட்டுல. இது என் கட, நான் இருக்கேன், நீயா பசிச்சு வந்த. அவ்ளோதான் நடந்துச்சு. யாராச்சும் கேட்டா அப்டியே சொல்லு.

ஓலையில பொதிஞ்சு வேகவச்ச சோறு, ரெண்டு பிரிக்கிறேன். மீன் குழம்பு வேணுமா, இல்ல பச்ச மீன காடியில ஊறப்போட்டிருக்கேன், அது வேணுமா? ரெண்டும் வைக்கிறேன் போ. ஆடப்போற புள்ள. நானும் இப்டி உக்காந்துக்கிறேன், கோழி கூவறதுக்கு முன்னாடிலேருந்து நிக்கிறேன். இன்னிக்கு ஊருல எந்த வீட்டுக் கதவையும் சாத்த முடியாது பாரு, வர்றவன் போறவன் எல்லாருக்கும் எல போட்டாவணும். போட்டுட்டுத்தான் இருக்கேன், வருஷா வருஷம்.

ஊர்த்தலைவர் ஒலிம்பியோ உனக்குப் போன் பண்ணாரா? பண்ணியிருப்பாரே. என்ன சொன்னாருன்னு நான் சொல்லவா? எபிஃபானியோவுக்குக் கால் சரியில்ல தம்பி, நீ ரொம்பத் தாவாத, எடத்த விட்டு நகராம எதுக்க நின்னு அடி குடு, அடி வாங்கு, சத்தம் நல்லா வரட்டும், சனங்க கை தட்டட்டும், மரியாதையா முடிச்சுக்கலாம். அதான? சிரிக்கிற. வார்த்த மாறாம இதேதான் போன வருஷம் வந்தவன் கிட்டயும் சொன்னாரு. நல்ல மனுஷன்தான், குத்தம் சொல்லல.

ஆனா நீ அதச் செய்யாத தம்பி.

அதான் உங்கிட்ட கேக்கணும்னு இருந்தேன். நின்ன எடத்துல நின்னு ஆடாத. உன் ஆட்டம் எப்டியோ அப்டி ஆடு. சுத்தி வா. பக்கத்துல போ, வெலகு, மூலைக்குப் போ. அவர நகர வையி.

இல்ல, கோவத்துல சொல்லல. அவரு மேல என்ன கோவம் எனக்கு? இருக்கு, நெறைய இருக்கு, இருபத்தஞ்சு வருஷக் கோவம். அதுக்கு நீ எதுக்கு, நானே பாத்துக்குவேன்.

தோக்கறது ஜெயிக்கறது பத்தியும் எனக்குக் கவல இல்ல. நொண்டியப் போட்டு அலைக்கழிச்சான்னு உன்னப் பேசுவாங்களேன்னு பாக்குறியா? பேசுவாங்கதான். இப்ப மட்டும் என்ன பேசுறாங்கன்னு நெனைக்கிற? கோழி மாதிரி தாவுவான், கொசு மாதிரி அடிப்பான்னு பேசுறாங்க. கோவிச்சுக்காத. டிரைசிக்கிள் ஓட்டுற பசங்க சொன்னது. உன் காலு அவ்ளோ அழகு, அடியில மட்டும் கனம் இல்லியாம். நான் சொல்லல, நான் என்னத்தக் கண்டேன்.

கண்டேன், கொஞ்சம் கண்டேன். கல்யாணமான புதுசுல அவருக்குத் துணையா பழக ஆள் கெடைக்கல. என் கையில ஒரு பிரம்பக் குடுத்து, அடி, பயப்படாத, இந்தப் பக்கத்துலேருந்து ஒண்ணு, அந்தப் பக்கத்துலேருந்து ஒண்ணுன்னாரு. அப்பலேருந்து அவருக்கு அடி எடுத்துக் குடுக்கறது நான்தான். அடுப்புல சோறு கொதிக்கும், ஒரு கையில அகப்ப, ஒரு கையில பிரம்பு. எனக்கு ஆடத் தெரியாது. ஆனா அவரு எப்ப சரியா ஆடுறாரு, எப்ப ஆடலேன்னு தெரியும். பாக்கவே வேணாம், காதுல கேட்டாப் போதும்.

எப்டின்னா... வீட்டுக்குப் பின்னால பழைய லாரி டயர் ஒண்ணு மரத்துல தொங்கும். அதத்தான் அடிப்பாரு. கால எடுத்து வைக்கிறதும் பிரம்பு போய்ச் சேர்றதும் ஒண்ணா இருக்கணும்பாரு. தோள்ல இருக்கற பலம் பாதிதானாம், மீதி பாதத்துலேருந்து ஏறி வரணுமாம். காலு ரொம்ப ஓடுச்சுன்னா அடி வெறும் காத்து. அடியிலயே மனசு போச்சுன்னா காலு மாட்டிக்கும். மீன் நிறுக்கற மாதிரி, அந்தப் பக்கம் கொஞ்சம், இந்தப் பக்கம் கொஞ்சம் வச்சு வச்சுப் பாக்கணும். நான் உள்ள பாத்திரம் கழுவிக்கிட்டு இருப்பேன். தப். ஒரே சத்தம் கேக்கும். காலும் கையும் சேந்து ஒரே ஒரு சத்தம். அடுத்தது வேற எடத்துலேருந்து கேக்கும். அந்த ஆளு சுத்திக்கிட்டே இருப்பாரு, சத்தமும் கூடவே சுத்தும்.

அப்பறம் ஒரு நாளு ரெண்டு சத்தம் கேட்டுச்சு. தப், டக். காலு மொதல்ல, பிரம்பு அப்பறம். இன்னொரு நாளு பிரம்பு மொதல்ல. ஏதோ அசதின்னு விட்டுட்டேன்.

சக்கர வியாதி தம்பி. வேற என்ன. ரெண்டு பாதமும் மெல்ல மெல்ல மரத்துப் போச்சு. தரைய மிதிச்சாச்சா இல்லியான்னு காலுக்கே தெரியல. அவரு குனிஞ்சு பாத்துக்குவாரு, மிதிச்சிட்டேனான்னு. பிரம்ப வச்சிக்கிட்டு எதுக்க ஒருத்தன் நிக்கும்போது குனிஞ்சு பாத்தா என்னாவும், உனக்குத் தெரியாததா.

யாருகிட்டயும் சொல்லல. எங்கிட்டயும்தான். என்ன பண்ணாரு, பிரம்பத் தூக்கிப் போட்டுட்டு கனமான கட்டைய எடுத்துக்கிட்டாரு. ஒரே எடத்துல கால ஊணி நின்னுக்கிட்டு தோள்லேருந்தே அடிக்க ஆரம்பிச்சாரு. டயர் கிழிஞ்சு போச்சு. பாத்தவன்லாம் வாயப் பொளந்தான். எபிஃபானியோவுக்கு வயசு ஏற ஏற பலம் ஏறுதுடான்னு சொல்லிச் சொல்லிக் குடிச்சானுங்க. அந்தாளும் சிரிச்சுக்கிட்டே ஊத்திக் குடுத்தாரு. எனக்கு மட்டும்தான் தெரியும், இது பலம் இல்ல, காலு போனதுக்கு ஈடுகட்டுறதுன்னு. சொல்லி என்ன பண்ண?

இன்னும் கொஞ்சம் சோறு? வெக்கப்படாத.

எங்க சாமி சான் ரோக்கேயப் பாத்திருக்கியா? சாயங்காலம் தூக்கிட்டு வருவாங்க, பாரு. துணியத் தூக்கித் தொடையில இருக்கற புண்ணக் காட்டிக்கிட்டு நிப்பாரு. பக்கத்துல ஒரு நாய், வாயில ரொட்டி. அதப் பாத்து எங்க வீட்டுக்காரரு என்ன சொல்வாரு தெரியுமா? ரொட்டி கொண்டாந்து குடுக்க சாமிக்கு ஒரு நாய், எனக்கு நீ. அப்டிம்பாரு. கொழுப்பப் பாரேன். அந்த நாய் ஒரு நாளாவது ரொட்டிய மூஞ்சில விட்டெறிஞ்சிருக்குமான்னு கேட்டேன். அதுக்கும் சிரிப்பு.

போன வருஷ ஆட்டத்தச் சொன்னேன்ல. லெய்த்தே தீவுலேருந்து ஒரு புள்ள வந்திருந்தான். பண்பான புள்ள. ஒலிம்பியோ சொன்ன மாதிரியே ஒரு அடி நகராம நின்னு ஆடுனான். இவரு அடிச்சாரு, அவன் தாங்குனான். அவன் அடிச்சதெல்லாம் இவருக்கு எட்டற எடத்துலதான் வந்துச்சு. சனங்க கை தட்டுன தட்டு இருக்கே! வீட்டுக்கு வந்தாரு. சட்டையக் கழட்டல, கால் கழுவல, படியிலயே உக்காந்துட்டாரு. என்னங்க, நல்லாத்தான ஆடுனீங்கன்னேன். சாமி செலைய ஆடாம அலுங்காம தூக்கிட்டுப் போவாங்கல்ல, அப்டி ஆடுனாண்டி எங்கூடன்னாரு. அவ்ளோதான் சொன்னாரு. அன்னிக்குச் சுட்ட பன்னியில ஒரு துண்டு தொடல.

பொழங்கறவங்க எல்லாருமே அப்டித்தான் ஆயிட்டாங்க. இவரு வந்தா நாற்காலி போடறான். பழகப் போனா எதுக்க வந்து மரம் மாதிரி நிக்கிறான். எல்லாம் பாசம். பாசத்துலயே மனுஷன நட்டு வச்சிட்டாங்க.

நானா? நானும்தான். நான் மட்டும் என்ன ஒசத்தி. அடி எடுத்துக் குடுக்கும்போது அவரு நகர வேண்டாத மாதிரியேதான் குடுத்துக்கிட்டு இருந்தேன். அலுப்பு தம்பி. அவரு விழுந்தா தூக்கணுமே. கழுத்து வலி எனக்கு.

உன்ன யாரு கூப்ட்டதுன்னு நெனைக்கிற? ஒலிம்பியோவா? அவருக்கு உன் பேரே தெரியாது, ரெனாட்டோன்னுதான் சொல்லிக்கிட்டு இருக்காரு. எங்க வீட்டுக்காரருதான். போன மாசம் யாரோ நீ ஆடுன படத்தப் போன்ல அனுப்பி வச்சாங்க. சாப்புட உக்காந்தவரு அதையே பாத்தாரு. திருப்பித் திருப்பி. நானும் பின்னால நின்னு பாத்தேன். அவரு உன் கையப் பாக்கவே இல்ல. முழுசா கீழயே கண்ணு. உன் பாதம் வந்த எடத்துலல்லாம் வெரலால தொட்டுத் தொட்டுப் பாக்குறாரு, கண்ணாடி மேல. நடுவுல படம் நின்னு நின்னு போவுது, அதுக்குத் திட்டு வேற. சோறு ஆறிப்போச்சு. மறுநாள் காலையில ஒலிம்பியோ வீட்டுக்குப் போய், இந்தப் பையனக் கூப்புடுன்னு சொல்லிட்டு வந்தாரு.

அதான் சொல்றேன். உன்னக் கூப்ட்டது நிக்க வைக்கிறதுக்கு இல்ல. அவரு வாய விட்டுக் கேக்க மாட்டாரு. அந்தச் சென்மம் அப்டி.

புண்ணா? உனக்கு யாரு சொன்னா? படகுலயே பேசிக்கிட்டாங்களா, சரிதான், இந்த ஊரு. ஆமா, வலது பாதத்துல புண்ணு. சோடா மூடி. ஏதோ வீட்டு விசேஷத்துக்குப் போனவரு வெறுங்கால்ல சோடா மூடி ஒண்ண மிதிச்சு, அது பாதத்துல பதிஞ்சே இருந்திருக்கு. நாள் முழுக்க. தெரியவே இல்ல அவருக்கு. வீட்டுக்குள்ள அங்கங்க செவப்பா இருந்துச்சு, மீன் அறுத்ததுல சிந்துனதுன்னு நெனச்சுத் தொடச்சுக்கிட்டே வந்தேன். கட்டில் வரைக்கும் போச்சு. அப்பறம்தான் காலத் தூக்கிப் பாத்தேன்.

பாத்தாச்சு, எல்லா மருந்தும் பாத்தாச்சு. மக செபுவுல நர்சு, அவ கட்டு மாத்தக் கத்துக் குடுத்தா, தெனம் மாத்துறேன். தடிமனா ஒரு ஷூ வேற வாங்கி அனுப்புனா. இதப் போட்டா தரை தெரியாதுங்கறாரு. வெறுங்கால்ல மட்டும் தெரியுதாக்கும்? கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. விட்டுட்டேன்.

கட்டுப் போட்டு இறுக்கித்தான் அனுப்புவேன், நீ கவலப்படாத. வலிக்காது. வலிச்சாத்தான் நல்லதுன்னு டாக்டரே சொல்லிட்டாரே, வலிக்கலேங்கறதுதான வியாதியே.

விழுந்தா விழட்டும் தம்பி. மண்ணுதான, நேத்து நான்தான் கல்லெல்லாம் பொறுக்கிட்டு வந்தேன். தலைக்குக் கம்பிக் கூண்டு இருக்கு. அவரு விழுந்தா நீ கை குடுக்காத, அவரே எந்திரிப்பாரு. நான் ஓரமாத்தான் நிப்பேன்.

ஆனா ஒண்ணு, ஒரேடியா ஏமாத்தி ஓடாத. நீ போற எடத்துக்கு அவரு வந்து சேந்ததும் ஒரு அடி வாங்கிக்க. உனக்கும் அடியில கனம் வரணும்ல, அவரு கிட்டேருந்து கத்துக்க. கனமா அடிப்பாரு, சொல்லிட்டேன். அப்பறம் மறுபடியும் நகரு. அவரு வரட்டும். வருவாரு. ஒரு தடவையாவது ரெண்டும் ஒண்ணா விழுந்துரும், காலும் கையும். எனக்குக் கேக்கும், எவ்ளோ கூட்டமா இருந்தாலும்.

என்ன கேட்ட? கொட்டுச் சத்தத்துல காது கேக்கல. ஓ... இல்ல தம்பி. புண்ணு ஆறட்டும், அடுத்த வருஷம் வர்றேன்னு சொல்றது நல்ல மனசுதான். மொத மொத எல்லாரும் அப்டித்தான் சொன்னோம்.

திங்கக்கெழம எடுக்குறாங்க. வலது கால. முட்டிக்குக் கீழ. எலும்பு வரைக்கும் போயிருச்சாம், இனிமே விட்டா மேல ஏறிருமாம். போன வாரமே வரச் சொன்னாங்க. மக அழுது பாத்தா, நானும் பிரம்பெல்லாம் பொறுக்கி ஒளிச்சு வச்சுப் பாத்தேன். திருவிழா முடியட்டும்னுட்டாரு. டாக்டரு திட்டிட்டுத்தான் நாள் குடுத்தாரு. நாளைக்குப் படகுல போறோம், நீயும் அதே படகுதான்னு நெனைக்கிறேன். அங்க பாத்தா அவருகிட்ட இதெல்லாம் பேசாத, ஆட்டத்தப் பத்திப் பேசு.

அதான், இன்னிக்கு நல்லா நடக்க வச்சிரு அவர.

என்ன தம்பி, கைய எடுத்துட்ட? சாப்புடு.