ஒறவு சனம் இல்லாத நர்ஸ்

பாலுசாமி: ...அதுதானுங்க சொல்றேன். இப்பத்த சனத்துக்குக் கூச்சநாச்சமே இல்லீங்க. ஊசி போட்டா போட்டோ. காலு ஒடைஞ்சா போட்டோ. எங்க பங்காளி ஒருத்தன் மூக்குல டியூப்போட கெடக்கறான், அதைப் பெத்த மவனே புடிச்சு வாட்சப்புல போடறான். கீழ வரிசையா கும்புடு போட்டு வெச்சிருக்கறாங்க.

சுந்தரராஜுலு: காலம் அப்படிங்க. அந்த பெஞ்சுல உக்காருங்க. என்ன விசயம்னு சொன்னீங்கன்னா மேடத்துகிட்ட சொல்லிருவேன்.

பாலுசாமி: உங்ககிட்ட எதுக்குங்க சொல்லோணும்?

சுந்தரராஜுலு: நான் இங்கத்த பியூனுங்க. வர்றவங்களை யாரு, என்னன்னு கேக்கறதுக்குத்தான் சம்பளம்.

பாலுசாமி: சம்பளத்தை வாங்கிட்டு கம்முனு இருங்க.

சுந்தரராஜுலு: அனிமா மேடம் நல்லவங்கங்க. நம்ம நகராட்சியில ஆசுபத்திரி, வயசானவங்க, நடமாட முடியாதவங்க, எல்லாமே அவங்க பொறுப்புத்தான். ஒளிக்காம சொன்னா வேலை ஆகும்.

பாலுசாமி: தெரியுமுங்க, தெரியும். ஒரிசாவோ ஜார்க்கண்டோ... வடக்க இருந்து நர்ஸ் வேலைக்கு வந்த பொம்பளை. கவுன்சிலர் ஆயி, இப்ப நகராட்சித் தலைவி நாற்காலியில வந்து உக்காந்தாச்சு. ஊருல வேற ஆளே இல்லாத மாதிரி.

சுந்தரராஜுலு: மெதுவா பேசுங்க. கதவு தொறந்துதான் இருக்குது.

அனிமா: ஜார்க்கண்டுங்க. ராஜுலு அண்ணா, அவரை உள்ள விடுங்க. விட்டுட்டு கதவைச் சாத்திக்குங்க.

சுந்தரராஜுலு: போங்க... அடுத்த ஆளு யாருங்க?

அனிமா: உக்காருங்க ஐயா. தண்ணி தரட்டுங்களா?

பாலுசாமி: வேண்டாமுங்க. நின்னமேனிக்குச் சொல்லிபோட்டுப் போயிருவேன்.

அனிமா: நின்னுட்டே சொல்ற விசயமா?

பாலுசாமி: ...சேரி. உக்காந்தாச்சு. ஊடூடா நர்ஸை அனுப்பறீங்கல்ல, படுத்துக் கெடக்கறவங்களைப் பாக்க?

அனிமா: ஆமாங்க.

பாலுசாமி: அதுல வடக்கத்திப் புள்ளை யாராச்சும் இருக்குதுங்களா?

அனிமா: என்ன புள்ளை?

பாலுசாமி: உங்கூருப் பக்கமிருந்து வந்தது. தமிழு தெரியாட்டி இன்னும் விசேசம்.

அனிமா: நீங்க... தறிக்குடோன் பாலுசாமி ஐயாதானுங்களே?

பாலுசாமி: அதுக்கென்னங்க?

அனிமா: வடக்கத்தி ஆளுங்களுக்கு இந்த ஊருல ஊடே வாடகைக்கு விடக் கூடாதுன்னு கூட்டத்துல எந்திரிச்சு சத்தம் போட்டவரு.

பாலுசாமி: போட்டேன். செவுரெல்லாம் செவப்பாத் துப்பி வெச்சா சத்தம் போடாம கொஞ்சுவாங்களா?

அனிமா: இப்ப வடக்கத்தி நர்ஸ் வேணும்.

பாலுசாமி: அது வேறைங்க.

அனிமா: யாருக்குங்க?

பாலுசாமி: எந்தம்பி சம்சாரத்துக்கு. வெள்ளகோவில்ல இருக்கறான்.

அனிமா: வெள்ளகோவிலுக்கு நாங்க எப்படிங்க அனுப்பறது? அது வேற நகராட்சி.

பாலுசாமி: ...இங்க கூட்டியாந்து வெச்சிருக்குதுங்க. எங்கூட்டுல. கொஞ்ச நாளா.

அனிமா: பக்கவாதமா?

பாலுசாமி: எடது கையும் காலும் வராது.

அனிமா: படுக்கைப்புண்ணு இருக்குதுங்களா?

பாலுசாமி: இருக்குது. மொதல்ல சும்மா செவந்திருந்துச்சு. பவுடர் போட்டா போயிரும்னு பாத்தா, போகலீங்க. இப்ப உள்ளங்கை அகலம், இடுப்புக்குக் கீழ. ஓரமெல்லாம் கருப்புக் கட்டி, நடுவுல குழி. துணிய எடுக்கறப்ப ஒட்டிக்கிதுங்க, தண்ணி தெளிச்சுத் தெளிச்சு மெதுவா எடுக்கோணும். இல்லீன்னா மொகத்தைச் சுளிப்பா. சத்தம் போடமாட்டா, கண்ணை மட்டும்...

அனிமா: ஐயா.

பாலுசாமி: என்னங்க?

அனிமா: என்ற வயசுல பாதி இந்த ஊருலதானுங்க போயிருக்குது. உங்க ஊடுகள்ல புருசனோட அண்ணன் வந்தா, தம்பி சம்சாரம் எந்திரிச்சு உள்ள போயிருவாங்க. நேர்ல நின்னு பேசவே கூச்சப்படுவாங்க. அவங்க இடுப்புக்குக் கீழ இருக்கற புண்ணை நீங்க எப்படிங்க பாத்தீங்க?

பாலுசாமி: ...சொன்னாங்க.

அனிமா: யாரு சொன்னாங்க? படுத்திருக்கறது யாருங்க ஐயா?

பாலுசாமி: ...எங்கூட்டுக்காரி. முத்தாத்தா.

அனிமா: முத்தாத்தாம்மா பெங்களூர்ல மவன் ஊட்டுல இருக்கறாங்கன்னு எங்க நர்ஸ் புவனாகிட்ட சொல்லியிருக்கறீங்க. வந்தப்பெல்லாம் கேட்டோட திருப்பி அனுப்பிட்டீங்களாமா.

பாலுசாமி: புவனா யாருன்னு தெரியுமா உங்களுக்கு? எங்க பங்காளி ஊட்டு மருமவ. அவ உள்ள காலு வெச்சா, சாயங்காலத்துக்குள்ள சோமனூர் தாண்டி சென்னிமலை வரைக்கும் தெரிஞ்சுபோகும்.

அனிமா: தெரிஞ்சா என்னங்க?

பாலுசாமி: என்னவா? இங்க ஒருத்தருக்கு முடியலைன்னு காதுல விழுந்தா சும்மா இருப்பாங்களா? பாக்க வருவாங்க. பாக்காட்டி மொறை கெட்டுப்போயிரும். ஒரு வேன் நெறைய வருவாங்க, ஆளுக்கொரு ஹார்லிக்ஸும் ஆப்பிளும். கட்டலைச் சுத்தி நின்னு உச்சுக் கொட்டுவாங்க. முந்தானைய எடுத்து மூக்குல வெப்பாங்க. காப்பி குடிச்சுட்டு, வெளிய போயி வேன்ல ஏறறதுக்குள்ள பேச ஆரம்பிச்சுருவாங்க. மருமவ பாக்கலையாட்டருக்குதுன்னு.

அனிமா: மருமவ பாக்கலீங்களா?

பாலுசாமி: அவ பெங்களூர்ல வேலைக்குப் போறா. மவன் தீபக் சொல்றான், ஹோமுல சேத்துப்போடலாம்னு. ஊருக்கே சோறு போட்டவளைக் கொண்டுபோயி ஹோமுல...

அனிமா: அப்ப யாருங்க பாத்துக்கறது?

பாலுசாமி: ஆளு வெச்சிருக்கறேன்.

அனிமா: ஆம்பளையா, பொம்பளையா?

பாலுசாமி: ஆளுங்க. ஆளுன்னா ஆளு.

அனிமா: உங்க கையெல்லாம் தோலு உரிஞ்சிருக்குதுங்க. பினாயில்ல ஊறுன கையாட்ட.

பாலுசாமி: தறி எண்ணெய்ங்க அது.

அனிமா: எலெக்சன் அப்ப பேக்கரியில வெச்சு ஒண்ணு சொன்னீங்களாமா. பெட் பேன் தூக்குனவளுக்கு ஓட்டுப் போட்டா ஊரே நாறிப்போயிரும்னு.

பாலுசாமி: ...சொன்னேன்.

அனிமா: அன்னிக்கே வந்து சொல்லிட்டாங்க எங்கிட்ட.

பாலுசாமி: இந்த ஊருல எதுதான் நிக்குது.

அனிமா: இப்ப உங்கூட்டுல யாருங்க தூக்கறது? குத்திக்காட்டக் கேக்கலீங்க. அதைத் தெரிஞ்சுக்காம நான் மருந்து சொல்ல முடியாது.

பாலுசாமி: குத்திக்காட்டத்தான் கேக்கறீங்க. நாந்தேன். போதுமுங்களா? நாந்தேன் தூக்கறேன், நாந்தேன் கழுவறேன். விடியறதுக்கு முன்ன எந்திரிச்சுப் பொறத்தால பொடக்காளியில துணியெல்லாம் அலசறேன். அலசுனா வெளிய காயப்போட முடியுதா? எதிரூட்டுல பாப்பாங்க. குடோனுக்குள்ள கொண்டுபோயி, ஓடாத தறி மேல விரிச்சுப் போடறேன். சரக்கு எடுக்க வந்த சேட்டு ஒருத்தரு, இது என்னங்க புது ரகமான்னு கேக்கறாரு.

அனிமா: என்ன சொன்னீங்க?

பாலுசாமி: சாம்பிளுன்னு சொன்னேன். சிரிச்சுக்குங்க. அடக்க வேண்டாம்.

அனிமா: சிரிக்கலீங்க. ஏனுங்க இப்படி ஒளிச்சு வெக்கறீங்க?

பாலுசாமி: அவளே சொல்லிபோட்டாளுங்க. யாருக்கும் என்னையக் காட்டாதீங்கன்னு என்ற கையைப் புடிச்சுட்டுச் சொன்னா. ஒரு கண்ணாலம் காச்சின்னா அவ கட்டிட்டு வர்ற சீலையத்தான் எல்லாரும் பாப்பாங்க. அப்படி இருந்தவ. அவ கேட்டுட்டா, நான் காப்பாத்தோணும்ல? அதுக்குத்தான் வடக்கத்திப் புள்ளை. அதுக்கு இங்க அத்தை இல்லை, மாமன் இல்லை. பாத்துட்டுப் போயி யாருகிட்டச் சொல்லும்? சொன்னாலும் யாருக்குப் புரியும்?

அனிமா: அதுக்கு மட்டும் வடக்கத்தி.

பாலுசாமி: அதுக்கு மட்டும்தானுங்க. மத்ததுக்கு இன்னும் சத்தம் போடுவேன்.

அனிமா: எங்க நர்ஸுங்க எல்லாமே இந்தப் பக்கத்துப் புள்ளைங்கங்க. வடக்கத்தின்னா நான் ஒருத்திதான்.

பாலுசாமி: நீங்க எங்கீங்க வடக்கத்தி? மாதாகோயில் ஆரோக்கியதாஸைக் கட்டிக்கிட்டீங்க. உங்க மாமியா இருதயம்மா வாய் இருக்குதே, அது புவனாவுக்கு மேல. பேச்சும் எங்களாட்டவே பேசறீங்க. உங்களையும் நம்பறதுக்கு இல்லீங்க.

அனிமா: எங்களாட்டவேன்னு சொன்னீங்களே, அதுக்கு நன்றிங்க.

பாலுசாமி: புகழ்றதுக்குச் சொல்லலீங்க.

அனிமா: புண்ணைப் பாக்க நானே வாரேன். கருப்புக் கட்டிடுச்சுன்னா தள்ளிப்போடக் கூடாதுங்க. ரத்தத்துல சீழ் ஏறிச்சுன்னா ஆளையே கொண்டுபோயிரும்.

பாலுசாமி: நீங்களா? கொடி வெச்ச காரு வரும். பொறத்தால கேமராக்காரன் வருவான். பாட்டி கையப் புடிச்சுட்டு ஒரு போட்டோ. அன்னிக்கு ஒரு கெழவனுக்கு சக்கர நாற்காலி குடுத்தீங்களே, பாத்துட்டுத்தான் நின்னேன். அவன் சிரிக்கற வரைக்கும் திரும்பத் திரும்ப எடுத்தாங்க. அவனுக்குச் சிரிப்பே வரலை.

அனிமா: ...ஆமாங்க. எடுத்தாங்க.

பாலுசாமி: நீங்க நிறுத்தச் சொல்லலை.

அனிமா: சொல்லலீங்க. அன்னிக்கு ஊட்டுக்குப் போயி சாப்பிட முடியலை. நர்ஸா இருந்தப்ப ஸ்கிரீனை இழுத்துவிட்டுட்டுத்தான் ஆளைத் தொடுவேன். இப்ப... போட்டோ இல்லீன்னா அடுத்த நாற்காலிக்குக் காசு ஒதுக்க மாட்டேங்கறாங்க.

பாலுசாமி: சொல்லிக்கறதுக்கு ஒரு காரணம் எல்லாருகிட்டயும் இருக்குதுங்க.

அனிமா: உங்ககிட்டயும் இருக்குதுங்களே.

பாலுசாமி: என்ன?

அனிமா: யாருக்கும் காட்டாதீங்கன்னு அம்மா சொன்னாங்கன்னீங்களே. அவங்க வாயாலயே சொன்னாங்களா?

பாலுசாமி: பின்ன யாரு வாயால சொல்லுவா?

அனிமா: ...நான் ஒருத்தருக்கு வாக்குக் குடுத்திருக்கறேனுங்க. சொல்லமாட்டேன்னு. அந்தப் புண்ணை நெனைச்சா சொல்லாம இருக்க முடியலை.

பாலுசாமி: யாருக்கு வாக்கு?

அனிமா: முத்தாத்தாம்மாவுக்கு. புவனாவை நாங்களா அனுப்பலீங்க. உங்கூட்டுல இருந்து போன் வந்துச்சு.

பாலுசாமி: எங்கூட்டுல என்னைய விட்டா ஆளே இல்லீங்களே.

அனிமா: நீங்க குடோனுக்குப் போயிருந்தப்ப அம்மாதான் கூப்பிட்டாங்க. தீபக் வாங்கிக் குடுத்த போனாமா, தலகாணிக்கு அடியில வெச்சிருக்கறாங்க. நாக்கு கொஞ்சம் கொழறுது. ஆனா நல்லாப் புரியுது.

பாலுசாமி: அவளா.

அனிமா: அப்புறமும் ரெண்டொரு தடவை பேசுனாங்க. புவனாவா இருந்தாலும் சேரி, எவளா இருந்தாலும் சேரி, ஒரு பொம்பளைய அனுப்புங்கன்னாங்க. சனம் வந்து பாக்கறதுகூடப் பெருசில்லைன்னாங்க.

பாலுசாமி: அப்புறம் எது பெருசாமா?

அனிமா: அது வேண்டாமுங்க.

பாலுசாமி: சொல்லுங்க. இவ்வளவு சொல்லிபோட்டு என்ன இப்ப.

அனிமா: கட்டுன புருசன் கழுவிவிடறப்ப உசுரு போயிட்டாத் தேவலைன்னு இருக்குதாமா. அவரு மொகத்தைத் திருப்பிக்கிட்டே கழுவறாரு, அவரு மொகத்தைப் பாக்க எனக்கும் முடியலைன்னு அழுதாங்க. நான் கூப்பிட்டது அவருக்குத் தெரிஞ்சா நொந்துபோயிருவாரு, சொல்லிராதீங்கன்னாங்க.

பாலுசாமி: பொய்யிங்க.

அனிமா: உங்ககிட்டப் பொய் சொல்லி எனக்கு என்னங்க ஆகப்போகுது?

பாலுசாமி: ஓட்டு.

அனிமா: எலெக்சன்தான் முடிஞ்சுபோச்சுங்களே.

பாலுசாமி: அடுத்தது வருமில்ல. நான் கெளம்பறேனுங்க.

அனிமா: உக்காருங்க. சித்த இருந்துட்டுப் போலாம்.

பாலுசாமி: உக்காந்தது போதும். விடுங்க.

அனிமா: நாளைக்குக் காத்தால வாரேன். காரு இல்லை, கேமரா இல்லை. பொடக்காளிப் பக்கமாவே வாரேன். கதவைத் தொறப்பீங்களா?

பாலுசாமி: எனக்கு நம்பிக்கை இல்லீங்க. காட்டாதீங்கன்னு கையைப் புடிச்சுச் சொன்னாங்கறது நானாச் சொல்லிக்கிட்டதுங்க. விழுந்த அன்னில இருந்து அவ எங்கிட்ட வாயே தொறக்கலை. பேச்சுப் போயிருச்சுன்னுதான், ராவும் பகலும் நானே கேள்வி கேட்டு நானே பதில் சொல்லிட்டுக் கெடக்கறேன். எங்கிட்ட வராத பேச்சு உங்ககிட்ட வந்துச்சுன்னா... எப்படிங்க நம்பறது? விடுங்க, நான் வாரேன்.