மார்த்தாள் அம்மையார் வாங்காத தாம்பூலத் தட்டு

அவைத்தலைவர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவர் ஐயா அவர்களே, பங்குத் தந்தை அவர்களே, மறைந்த செவிலியர் மார்த்தாள் அம்மையாரை நினைத்து இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

முதலில் நீங்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். மேடையில் பேசி எனக்குப் பழக்கமில்லை. எழுதி வைத்துத்தான் படிக்கிறேன். எழுதுவதற்கும் தயங்கினேன். எங்கள் குடும்பத்தில் பி.ஏ. படித்தவள் நான் ஒருத்திதான், அதனால் நீதான் பேச வேண்டும் என்று என் வீட்டார் சொன்னார்கள். படித்ததற்காக நான் ஒப்புக்கொள்ளவில்லை. அம்மையார் நடத்திய வீட்டில் அவரோடு கூட இருந்து வேலை செய்தவள் என்பதற்காக ஒப்புக்கொண்டேன். அவர் போய்விட்டார். அவரை நம்பி இருந்தவர்கள் அந்த வீட்டில் இருக்கிறார்கள். இனி அவர்களை யார் கூப்பிடுவார்கள் என்பதுதான் என் கவலை. உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அதைக் கடைசியில் கேட்கிறேன்.

மார்த்தாள் அம்மையார் யார்? இந்த உத்திரமேரூர்ச் சேரியில் பிறந்தவர். மிஷன் பள்ளியில் படித்து, சென்னையில் மனநல மருத்துவமனையில் செவிலியராக வேலை பார்த்து, தலை நரைத்து ஊர் திரும்பியவர். திரும்பியவர் சும்மா இருந்தாரா? நோய் குணமாகியும், அழைத்துப்போக ஆள் வராதவர்களுக்காக நம் ஊரில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார். அவரவர் குடும்பம் வந்து கூட்டிப்போகும் வரை அதுதான் அவர்கள் வீடு. தெருப் பிள்ளைகள் அதற்கு வேறு பெயர் வைத்தார்கள். நல்லதாக ஒரு பெயர்ப்பலகை மாட்டலாமே என்று ஒரு பெரியவர் சொன்னபோது அம்மையார் கேட்டார்: "உங்க வூட்ல பலக தொங்குதா நைனா?"

மேடையில் இருக்கும் மருத்துவர் ஐயா மாதம் ஒருமுறை வருவார். "பாஞ்சாலி எப்படி இருக்கிறாள்?" என்று கேட்பார். அம்மையார் சொல்வார்: "மாத்திர ஒழுங்கா போடுது டாக்டர். நல்லா தூங்குது. இன்னும் யாரும் கூப்புடல." வேறு யாரைப் பற்றிக் கேட்டாலும் அந்த மூன்றாவது வாக்கியம் வரும். கூப்பிட்டார்கள், அல்லது கூப்பிடவில்லை. குணம் என்பதை அவர் அப்படித்தான் அளந்தார்.

குடும்பத்தாரிடம் போய், உங்கள் ஆளைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஒரு விசேஷத்துக்குக் கூப்பிடுங்கள் என்பார். ஒரு வேளைச் சாப்பாடு. நானே கூட்டிவருவேன், நானே கூட்டிப்போவேன் என்பார். ஆனால் ஒரு கண்டிப்பு உண்டு. முறைப்படி வந்து கூப்பிட வேண்டும்.

மாகறலில் இருந்து ராஜாராம் அண்ணன் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் இந்த அவையில் இருக்கிறார். அவரைக் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். மகளுக்குக் காதுகுத்து. வெற்றிலை பாக்கு, குங்குமத்தோடு தட்டை எடுத்துக்கொண்டு வந்து அம்மையாரிடம் நீட்டினார். அம்மையார் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எங்கிட்ட இன்னாத்துக்கு நீட்டிக்கினு கீற நைனா? தங்கச்சி உன்துதா, என்துதா?"

"நீங்களே சொல்லி இட்டாந்துடுங்க நர்சம்மா. அதுங்கிட்ட நான் இன்னான்னு சொல்றது?"

"மத்த பங்காளிங்க வூட்ல இன்னா சொல்லிட்டு வந்தியோ, அதத்தான் சொல்லணும்."

ராஜாராம் அண்ணன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, துணி காயப்போட்டுக்கொண்டிருந்த தங்கையிடம் போனார். தரையைப் பார்த்துக்கொண்டே தட்டை நீட்டினார்.

"பாஞ்சாலி, பொதன்கெழம பாப்பாவுக்குக் காது குத்துறோம். வந்துடு."

பாஞ்சாலி அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தட்டை வாங்கினார். "பாப்பாவோட மாமன் வந்துட்டாராண்ணே?" என்று கேட்டார்.

"வந்துட்டாரு."

"கறி பத்தலன்னு சண்ட போட்டாரா?"

"இன்னும் ஆட்டயே அறுக்கல, அதுக்குள்ள ஆரம்பிச்சிட்டாரு," என்றார் அண்ணன். சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்த பிறகுதான் நிமிர்ந்து தங்கையின் முகத்தைப் பார்த்தார்.

அந்தப் புதன்கிழமை நானும் துணைக்குப் போனேன். என்னைக் கூடத்தில் உட்காரச் சொன்னார்கள். கிணற்றடியில் இரண்டு இலை போட்டிருந்தார்கள். ஒன்று பாஞ்சாலி அக்காவுக்கு, ஒன்று அம்மையாருக்கு. ஏன் என்று இந்த அவையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அம்மையார், ராஜாராம் அண்ணனின் மனைவி எல்லம்மாளைப் பக்கத்தில் அழைத்து, மெதுவாகச் சொன்னார்: "எனக்கு இது பழக்கம்மா. இந்தப் பொண்ணுக்குப் பழக்காத."

எல்லம்மாள் உள்ளே போய்விட்டார். சாம்பார் வந்தது, கறி வந்தது. பிறகு அவரே திரும்பி வந்து, "எழுந்து வா பாஞ்சாலி. பாப்பா அழுவுது. நீ தூக்கினு உள்ள வந்து உக்காரு," என்றார்.

பாஞ்சாலி அக்கா உள்ளே போனார். கிணற்றடியில் அம்மையார் தனியாக இருந்தார். நான் போய் அருகில் உட்கார்ந்தேன். என்னைக் கடிந்துகொண்டார். "நீ இன்னாத்துக்கு இங்க வந்த? உள்ள போய்ப் பாரு, அதுக்கு ரசம் ஊத்துறாங்களான்னு."

இன்று பாஞ்சாலி அக்கா தன் அண்ணன் வீட்டில் இருக்கிறார். நடவுக்குப் போகிறார். இதோ, பெண்கள் வரிசையில் எல்லம்மாள் அண்ணியோடு உட்கார்ந்திருக்கிறார்.

எல்லாமே இப்படி முடிந்தது என்று சொன்னால் அது பொய். வேதகிரி அண்ணன் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். சைக்கிள் கடை வைத்திருந்தவர். அவர் ஊரை நான் சொல்லப்போவதில்லை. அவர் வீட்டுக்கு அம்மையார் எத்தனை முறை நடந்திருப்பார்! "பொண்ணு பாக்க வரவங்க ஓடிடுவாங்க" என்றார்கள். கல்யாணம் முடியட்டும் என்று காத்திருந்து மறுபடி போனார். "இப்போ சம்பந்தி வூட்ல இன்னா நெனைப்பாங்க" என்றார்கள். முகூர்த்த நாள் என்றால் வேதகிரி அண்ணன் காலையிலேயே சவரம் செய்துகொண்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்துவிடுவார். ஊரில் மேளம் கேட்கும். நின்றுவிடும். அதற்குப் பிறகு எழுந்து சட்டையை மடித்து வைப்பார்.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். மற்றவர்களுக்காக வந்த தட்டுகளை அம்மையார் வாங்கவில்லை. அவருக்கென்று, மார்த்தாள் என்று பெயர் சொல்லி ஒரு தட்டு வந்து நான் பார்த்ததில்லை. ஊரில் எத்தனை வீட்டுப் பந்தியில் ஓர் ஆளைச் சேர்த்துவிட்டு வந்தார்! அவரை யார் சேர்த்துக்கொண்டோம்? இரவில் எல்லோருக்கும் போட்ட பிறகு அடுப்படியில் ஒருவராகச் சாப்பிடுவார். இப்போது அந்த இடத்தில் நான் சாப்பிடுகிறேன். அங்கே உட்கார்ந்தால் வாசல் தெரியும். யாராவது வருகிறார்களா என்று பார்ப்பதற்காகத்தான் அவர் அந்த இடத்தைப் பிடித்திருக்கிறார் என்று இப்போதுதான் தெரிகிறது.

அவர் வேலையைத் தொடர்வோம் என்று எனக்கு முன் பேசியவர்கள் உறுதி சொன்னார்கள். நானும் சொல்கிறேன். சமைப்பேன். மாத்திரை கொடுப்பேன். மருத்துவர் ஐயா தொடர்ந்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். யார் கூப்பிட்டாலும் துணைக்குப் போவேன், துணைக்கு வருவேன். ஆனால் கூப்பிடுவது மட்டும் என்னால் ஆகாது. அம்மையாராலும் ஆகவில்லை. அது உங்களிடம்தான் இருக்கிறது.

இனி என் வேண்டுகோள்.

அம்மையாருக்குப் படம் திறக்கிறீர்கள். அவர் வீட்டு ஆட்கள் ஏன் இங்கே இல்லை என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். இந்தக் கூட்டத்துக்கு நோட்டீஸ் அடித்துக் கடைகடையாகக் கொடுத்தார்கள். அந்த வீட்டுக்குக் கொடுக்க யாரும் வரவில்லை. துக்கத்துக்கு அழைப்பு எதற்கு என்று கேட்பீர்கள். அடக்கத்தன்று அவர்கள் அழைப்பில்லாமல்தான் வந்தார்கள். கல்லறைத் தோட்டத்து வாசலில், "இதுங்கள எதுக்கு இட்டாந்தீங்க, எதுனா ஆயிடப் போவுது" என்று ஒரு குரல் கேட்டது. யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டு, மண் போடாமல் திரும்பினார்கள்.

இன்று காலை வேதகிரி அண்ணன் சவரம் செய்துகொண்டார். வாங்க அண்ணே, போகலாம் என்றேன்.

"கூப்ட்டாங்களா?" என்றார்.

"நான் கூப்பிடுகிறேனே."

"நீ எங்க வூட்டு ஆளும்மா. நீ கூப்ட்டா அது கூப்ட்டதா?"

பெரியோர்களே, அடுத்து மௌன அஞ்சலி என்று தலைவர் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு எழுந்து நிற்பதற்கு முன், உங்களில் யாராவது ஒருவர் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். பின்தெருதான். தட்டு வேண்டாம். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, வாங்க என்று கூப்பிட்டால் போதும். பெயர் தெரியாதவர்களுக்கு நான் சொல்லித்தருகிறேன்.

அவர்கள் வந்து சேரும் வரை நாம் உட்கார்ந்திருக்கலாம்.