மஞ்சள் கோடு

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் பேருந்தில் எனக்கு முன்சீட்டில், ஷிப்ட் முடிந்த களைப்போடு கம்பெனிச் சட்டையில் இரண்டு பேர். ஜன்னலோரம் இருந்தவர் திடீரென்று சொன்னார்:

"ஒரு நட்டுக்கு மஞ்சக் கோடு போட்ட ஞாபகமே இல்ல மச்சான்."

"எந்த நட்டுக்கு?"

"என் ஜீப்புக்குத்தான். மலைப்பாதைக்கு ஆகும்னு ஞாயித்துக்கிழம நானே சஸ்பென்ஷன மாத்தி ஒசரம் ஏத்தினேன்ல? நம்ம கம்பெனி லைன்ல மாதிரியே ஒவ்வொரு நட்டா இறுக்கி, இறுக்கியாச்சுங்கற அடையாளத்துக்குக் கோடு போட்டுட்டே வந்தேன். இடது பக்கம் வர்றப்ப கரண்ட் போச்சு. எந்திரிச்சு சாப்புடப் போயிட்டேன்."

"வண்டி வீட்லதான நிக்குது?"

"நிர்மலா ஓட்டிட்டுப் போயிருக்கா, பாப்பாவக் கூட்டிட்டு. வேப்பனப்பள்ளியில அவங்கப்பா மாந்தோப்புக்கு. வழியெல்லாம் மேடு பள்ளம்."

"மொதல்ல ஃபோனப் போடுடா!"

இரைச்சலில் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

"நிர்மலா, வண்டிய நிறுத்து. இடது முன்சக்கரத்துக்கு உள்ள குனிஞ்சு பாரு. நட்டுல மஞ்சக் கோடு இருக்கா?"

பேருந்து ஒரு மேம்பாலம் ஏறி இறங்கியது.

"இல்லீங்க."

அவர் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"செவப்புக் கோடு இருக்கு. அது லூசா இருந்துச்சு, காலையிலயே இறுக்கி நெயில் பாலிஷ் வச்சுட்டேன். மத்ததுலயும் உங்க கோட்டுப் பக்கத்துல என் கோடு இருக்கு. இறுக்கினவரே செக் பண்ணக் கூடாதுல்லங்க?"

"இன்ஸ்பெக்‌ஷன்ல இருக்கற பொண்ணக் கட்டினதுக்கு இன்னைக்குத்தான்டா பலன்" என்றார் நண்பர்.

குருபரப்பள்ளி வருவதற்குள் ஜன்னலோரத்திலிருந்து குறட்டை கேட்டது.